மூடிய சேவைக்கு ஒரு மதிப்புரை: 137 மெகாஹெர்ட்ஸில் வந்த மேகப் படங்கள்

நிறுத்திவிட்ட ஒரு சேவைக்கு மதிப்புரை எழுதுவதில் ஒரு நிம்மதி உண்டு. என் பேச்சைக் கேட்டு யாரும் காசை விட்டுவிட மாட்டார்கள். அமெரிக்க வானிலை செயற்கைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அனுப்பிக்கொண்டிருந்த தானியங்கிப் பட ஒலிபரப்பு, எல்லோரும் சொல்வதுபோல் சொன்னால் ஏபிடி, 1963 டிசம்பரில் தொடங்கி 2025 ஆகஸ்டில் ஓய்ந்தது. சந்தா இல்லை, பதிவு இல்லை, கடவுச்சொல் இல்லை. செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகிற நேரத்தில் ஆன்டெனாவை நீட்டினால் படம் உங்களுடையது.

நான் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன். மேகங்களைப் பற்றி வானிலைக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதைத் திறந்தாலும் இதை யார், எந்த நெருக்கடியில் இப்படிச் செய்தார் என்று பார்ப்பதுதான் என் பழக்கம். மதிப்பெண்ணை இப்போதே சொல்லிவிடுகிறேன். படத் தெளிவுக்கு ஐந்தில் இரண்டு. பொறியியலுக்கு ஐந்தில் ஐந்து. இரண்டாவது மதிப்பெண்ணுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கையில் கிடைத்தது என்ன என்று பார்ப்போம். ஒரு புள்ளிக்கு 4 கிலோமீட்டர் என்ற அளவில் கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக வரும். பகலில் பெரும்பாலும் ஒன்று வெளிச்சத்தில் எடுத்தது, மற்றது அகச்சிவப்பில் எடுத்தது. ஓரத்தில் சாம்பல் படிகள் வரிசையாக இருக்கும், அது அளவீட்டுக்கு. கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலமும் கடலும் விரியும். ஒரு முறை வானத்தைக் கடக்க அதிகபட்சம் கால் மணி நேரம். ஆற்றைப் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது. புயலின் கண் பெரிதாக இருந்தால் தெரியும்.

இதற்கு வேண்டிய சாமான் பட்டியல்தான் சிரிப்பை வரவழைக்கும். 53 சென்டிமீட்டர் சொச்சம் நீளத்தில் இரண்டு அலுமினியக் குச்சிகள், 120 டிகிரி கோணத்தில் படுக்கை வசமாக. கொஞ்சம் கோஆக்ஸ் கேபிள். கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காக விற்ற ஒரு யுஎஸ்பி டாங்கிள். அப்புறம் இலவச மென்பொருள். நான் முதலில் வாங்கிய ஆன்டெனா செட்டில் கேபிள் முனையைச் சரியாகப் பற்றவைக்கவில்லை, காற்று அடித்தால் சிக்னல் போய்விடும். அந்தக் கடையின் பெயர் வேண்டாம். அதைக் கழற்றிப்போட்டு நானே குச்சி வெட்டிக் கட்டிக்கொண்டேன்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மெல்லிய விசில் ஒன்று இரைச்சலுக்குள்ளிருந்து எழும்பும். அதன்மேல் நொடிக்கு இரண்டு முறை டிக், டிக் என்று தட்டும். ஒரு தட்டுக்கு ஒரு வரிப் படம். காதால் கேட்டே செயற்கைக்கோள் எவ்வளவு மேலே வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். என் மகள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து, “அப்பா, தெளிஞ்சிடுச்சு” என்று சொல்வதற்குள் எனக்குத் தெரிந்திருக்கும்.

சரி, இவ்வளவு எளிமை எங்கிருந்து வந்தது? சும்மா வரவில்லை. அதற்கு முன் வந்த செயற்கைக்கோள்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது.

1959 பிப்ரவரியில் வான்கார்ட் 2 போனது. மேகங்களை ஒளிமின்கலங்களால் வருடிப் படம் போலத் தொகுப்பது திட்டம். மின்னணு வேலை செய்தது, ஆனால் செயற்கைக்கோள் சுழலும்போது தள்ளாடியது. எந்த வரி எந்த இடத்தைப் பார்த்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் தரவு வீணானது. கேமரா நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே பார்க்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்போதே உறைத்துவிட்டது. அடுத்த பத்து வருட வானிலைக்கோள் பொறியியலை இந்த ஒரே கவலையைச் சுற்றியே படிக்கலாம்.

1960 ஏப்ரல் 1 அன்று டைரோஸ் 1 போனது. கட்டியவர்கள் ஆர்சிஏ நிறுவனத்தார். டிவிப் பெட்டி செய்து பேர் வாங்கியவர்கள், எனக்கு அவர்கள்மேல் தொழில் பாசம் உண்டு. பதினெட்டுப் பட்டை வைத்த டிரம் மாதிரி உருவம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் விட்டம், சுமார் 120 கிலோ எடை. மேற்புறத்திலும் பக்கங்களிலும் 9,000க்கு மேற்பட்ட சூரிய மின்கலங்கள். அடிப்பக்கத்தில் இரண்டு டிவி கேமராக்கள், ஒன்று அகலப் பார்வை, ஒன்று குறுகிய பார்வை. இரண்டிலும் விடிகான் என்ற, ஒளியை மின் சிக்னலாக்கும் அரை அங்குலக் குழாய்கள், 500 வரிகள். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு டேப் ரெக்கார்டர், அதில் 32 படங்கள் பிடிக்கும். தரை நிலையத்துக்கு மேலே வரும்போது டேப்பை ஓட்டிக் காட்டும்.

இந்த டிரம்மை நிலையாக வைத்திருக்கச் செய்த வழி பம்பரத்தினுடையது: சுழலவிடு, சாயாது. ராக்கெட்டின் கடைசிக் கட்டம் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழற்றிவிடும். அந்த வேகத்தில் படம் எடுத்தால் கலங்கிவிடும். அதனால் கேபிளில் கட்டிய இரண்டு எடைக்கற்களை வெளியே விசிறிவிட்டு, வேகத்தைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்குக் குறைத்தார்கள். பிறகு வேகம் மேலும் தளர்ந்தால் ஏற்றிக்கொள்ள விளிம்பில் குட்டி ராக்கெட்டுகளை ஜோடி ஜோடியாகப் பொருத்தியிருந்தார்கள். இதெல்லாம் எந்தக் கணினியும் மேலே இல்லாத காலத்தில்.

ஆனால் இந்த வழியில் ஒரு குறை கூடவே பிறந்தது. சுழலும் அச்சு விண்வெளியில் ஒரே திசையைக் காட்டிக்கொண்டு நிற்கும். கேமராவோ அந்த அச்சின் திசையில் பார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதியில்தான் பூமி கேமராவுக்கு முன்னால் வரும், மற்ற நேரமெல்லாம் வெற்று வானம். 99 நிமிடச் சுற்றில் பெரும்பகுதி வீண். போதாக்குறைக்கு, நிலையாக நிற்கும் என்று நம்பிய அச்சும் மெல்ல நகர ஆரம்பித்தது. செயற்கைக்கோளுக்குள் ஓடும் மின்னோட்டமே அதை ஒரு பலவீனமான காந்தமாக்கி, பூமியின் காந்தப்புலம் அதைப் பிடித்துத் திருப்பியிருக்கிறது. வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். இவர்கள் அதே வருடம் நவம்பரில் போன டைரோஸ் 2இல் வேண்டுமென்றே ஒரு கம்பிச் சுருளைச் சுற்றி, அதில் மின்சாரம் பாய்ச்சி, கோளைத் தங்களுக்கு வேண்டிய பக்கம் சாய்த்துக்கொண்டார்கள். கோளாறு கட்டுப்பாட்டுக் கருவியாக மாறியது. இந்த இடத்தைப் படித்தபோது சபாஷ் போடாமல் இருக்க முடியவில்லை.

டைரோஸ் 1 இரண்டரை மாதம்தான் உழைத்தது. அதற்குள் 22,952 படங்கள், அவற்றில் பயன்படும் தரத்தில் 19,000 சொச்சம். ஆனால் அந்தப் படங்கள் யாருக்குக் கிடைத்தன? முதன்மையாக இரண்டே நிலையங்கள்: நியூ ஜெர்சியில் ஃபோர்ட் மான்மவுத், ஹவாயில் கயேனா முனை. அங்கே படத்தை ஒரு குழாய்த் திரையில் காட்டி, அதை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்து, அட்சரேகை தீர்க்கரேகைக் கட்டங்களைப் போட்டு, மேகங்களைக் கையால் வரைபடமாக வரைந்து, அந்த வரைபடத்தைத்தான் மற்றவர்களுக்கு ஃபேக்ஸில் அனுப்பினார்கள். போய்ச் சேரும்போது மேகம் அங்கே இருக்காது. ஒரு தீவில் உட்கார்ந்திருக்கும் வானிலை அலுவலருக்கு, தன் தலைக்கு மேலே போன செயற்கைக்கோள் எடுத்த தன் வானத்தின் படம் பல மணி நேரம் கழித்து ஒரு பென்சில் கோடாக வந்தது. இதைத்தான் ஏபிடி தீர்த்தது. எடுத்த படத்தை டேப்பில் வைக்காதே, அப்போதே, கீழே யார் இருந்தாலும் அவருக்குக் கொடுத்துவிடு.

சொல்வது சுலபம். டைரோஸ் கேமரா ஒரு படத்தை இரண்டே நொடியில் வாசித்துக் கொட்டியது. அதற்கு 62.5 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், அதைப் பிடிக்கப் பெரிய டிஷ் வேண்டும், நிறைய பணம் வேண்டும். சாதாரண அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால் சிக்னலை ஃபேக்ஸ் மெஷின் புரிந்துகொள்ளும் வேகத்துக்கு இறக்க வேண்டும். அதனால் 800 வரிகள், நொடிக்கு நாலு வரி, ஒரு படத்துக்கு 200 நொடி என்று வைத்தார்கள். அகலம் 1.6 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருங்கியது. டெலிபோன் பேச்சுக்கு வேண்டியதைவிடக் குறைவு.

இங்கேதான் என்னைப் போன்றவனுக்கு மூச்சு நிற்கும் இடம். சாதாரண விடிகான் குழாயில் ஒளி போட்ட படம் சீக்கிரம் கரைந்துவிடும். டிவியில் நொடிக்கு இருபத்தைந்து முப்பது தடவை வாசித்துவிடுவதால் அது தெரியாது. 200 நொடி காத்திருக்கச் சொன்னால் கடைசி வரியை வாசிக்கப் போகும்போது அங்கே ஒன்றும் இருக்காது. அதற்காகக் குழாய்க்குள் பாலிஸ்டைரீன் படலம் ஒன்றைச் சேர்த்தார்கள். ஒளி விழுந்ததும் படத்தை மின்னேற்றமாக அந்தப் படலத்துக்கு மாற்றி, அங்கே பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆற அமர வாசித்தார்கள். பேனா செய்கிற பிளாஸ்டிக்கில் ஒரு கண்டத்தின் மேகங்களை மூன்று நிமிடத்துக்கு மேல் பிடித்துவைத்தார்கள்! கண்ணாடி முகப்பில் கூட்டல் குறிகளைப் பொறித்துவைத்து, குழாய் படத்தை எங்கே வளைத்தது என்று அளக்கவும் வழி செய்திருந்தார்கள். பழைய படங்களில் அந்தக் குறிகளைப் பார்க்கலாம்.

முதல் சோதனை 1963 டிசம்பர் 21 அன்று ஏவிய டைரோஸ் 8இல். 1964 ஆகஸ்டில் நிம்பஸ் 1 ஏபிடியோடு போனது. அது சுழலாது, எப்போதும் பூமியையே நோக்கி நிற்கும், அழகான இயந்திரம். ஒரு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. சூரியத் தகடுகளைத் திருப்பும் அமைப்பு சிக்கிக்கொண்டு மின்சாரம் போய்விட்டது. அதிநவீனமானது முதலில் படுக்கும், எளியது ஓடிக்கொண்டிருக்கும். ரிப்பேர் மேசையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எளியது என்று சொன்னது டைரோஸ் 9ஐ. 1965 ஜனவரியில் ஆர்சிஏக்காரர்கள் அதே டிரம்மை எடுத்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, வண்டிச் சக்கரம் போலச் சுற்றுப்பாதையில் உருளவிட்டார்கள். கேமராவை அடியிலிருந்து எடுத்து விளிம்பில் வைத்தார்கள். இப்போது ஒவ்வொரு உருளலிலும் கேமரா ஒரு முறை நேர் கீழே பார்க்கும். அந்தக் கணத்தை அடிவான உணரிகள் கண்டுபிடித்துச் சொல்ல, ஷட்டர் திறந்து மூடும். நிம்பஸ் விலை உயர்ந்த கட்டுப்பாட்டு இயந்திரங்களால் செய்ததை இது கேமராவை இடம் மாற்றிச் செய்துவிட்டது. அந்த பிப்ரவரியில் உலகம் முழுவதையும் ஒரே நாளில் பார்த்த முதல் முழுத் தொகுப்புப் படம் டைரோஸ் 9 எடுத்த படங்களிலிருந்துதான் ஒட்டப்பட்டது. அதன் வாரிசுகள்தான் 1966இல் தொடங்கிய எஸ்ஸா வரிசை. அதில் 2, 4, 6, 8 என்ற இரட்டை எண் கோள்கள் ஏபிடி கொண்டு போயின. படம் எடுத்த பிறகு 200 நொடி வாசிக்கிற நேரத்தில் அந்தச் சக்கரம் முப்பது தடவைக்கு மேல் உருண்டிருக்கும், குழாய்க்குள் படம் அசையாமல் இருக்கும். 1968 டிசம்பரில் போன எஸ்ஸா 8, 1976 வரை உழைத்தது.

எழுபதுகளின் கதையை நீட்ட மாட்டேன். எஸ்ஸாவுக்கு அடுத்து வந்த நோவா வரிசையில், நோவா 2 முதல் விடிகான் கேமராவைக் கைவிட்டுச் சுழல் கண்ணாடியால் வருடும் கருவிக்கு மாறினார்கள், இரவிலும் படம் வந்தது. வரி வேகம் நிமிடத்துக்கு 240 என்று இருந்தது 48 ஆகி, 1978இல் டைரோஸ்-என் (TIROS-N) என்ற கோள் வந்தபோது 120இல் நின்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஃபேக்ஸ் மெஷின் வைத்திருந்தவர்கள் திட்டியிருப்பார்கள். ஆனால் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் எஃப்எம், அதற்குள் 2,400 ஹெர்ட்ஸ் துணை அலை என்ற அஸ்திவாரத்தைக் கடைசிவரை யாரும் தொடவில்லை.

அந்த 120 வரி ஏபிடியில் ஒரு நுட்பம் இருந்தது, பலரும் கவனிப்பதில்லை. உண்மையான கருவியின் கண்ணாடி நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றி, 1.1 கிலோமீட்டர் துல்லியத்தில் ஐந்தாறு அலைவரிசையில் பார்க்கிறது. ஓரங்களில் பூமி வளைந்து விலகுவதால் படம் அங்கே நெருக்கிப் பிழிந்தது போலிருக்கும். செயற்கைக்கோளிலேயே இருந்த ஒரு செயலி மூன்று வரிக்கு ஒரு வரியை எடுத்து, நடுவில் அதிகப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி போட்டு, ஓரத்தில் குறைவாகச் சேர்த்து, எங்கும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் என்று சமன் செய்து அனுப்பியது. கீழே இருப்பவன் கணக்குப் போட வேண்டாம் என்று மேலேயே போட்டுக் கொடுத்தார்கள். தெளிவுக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்தேனே, அந்தத் தெளிவு குறைந்ததற்குக் காரணமும் இந்தக் கரிசனம்தான். கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அலையின் அதிர்வெண் மாறித் தெரியுமே, அந்த டாப்ளர் விலகலும் அப்படியே. 137 மெகாஹெர்ட்ஸில் அது மேலும் கீழும் மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவுதான், எஃப்எம் அகலத்துக்குள் அடங்கிவிடும், டயலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. குச்சி ஆன்டெனா கோணலாக இருந்தால்கூட ஏதோ ஒரு படம் வரும், மணல் தூவியது மாதிரி. டிஜிட்டல் போல ஒன்றுமே இல்லை என்று கையை விரிக்காது.

கடைசியில் எஞ்சிய மூவரையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நோவா 15, 1998 மே மாதம் போனது. 27 வருடம் உழைத்த கிழம். கடைசி ஆண்டுகளில் கண்ணாடி மோட்டார் முரண்டு பிடித்து, வரிகள் தடம் மாறிப் படம் நறுக்கிப்போட்டது போல வரும், அப்புறம் தானே சரியாகும். நோவா 18, 2005இல் போனது. மூன்றில் ஒழுங்கானது என்று எனக்குத் தோன்றும். 2025 ஜூனில் டிரான்ஸ்மிட்டர் ஒன்று பழுதாகி முதலில் போய்ச் சேர்ந்ததும் அதுதான்.

நோவா 19 கதை வேறு ரகம். 2003 செப்டம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவில் லாக்ஹீட் மார்ட்டின் தொழிற்சாலையில், நிமிர்ந்து நின்ற கோளைப் படுக்கவைக்கத் திருப்பினார்கள். அதைத் தாங்கிய தள்ளுவண்டியில் தகட்டைப் பிணைக்க வேண்டிய 24 போல்ட்டுகள் அங்கே இல்லை. வேறு வேலைக்காகக் கழற்றியதை யாரும் எழுதிவைக்கவில்லை, திருப்புவதற்கு முன் யாரும் பார்க்கவும் இல்லை. கோள் தரையில் விழுந்தது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் எந்த மெக்கானிக்கின் வயிறும் கலங்கும். செப்பனிட 13 கோடி டாலருக்கு மேல் ஆனது. 2009 பிப்ரவரியில் ஏவினார்கள். பதினாறு வருடம் ஓடியது. தரையில் விழுந்து எழுந்த அந்தக் கோளிலிருந்துதான் எனக்கு மிகச் சுத்தமான படங்கள் கிடைத்தன, 137.1 மெகாஹெர்ட்ஸில்.

புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு: ஏபிடி இல்லையென்று டாங்கிளைப் பரணில் போட வேண்டாம். ரஷ்யாவின் மீட்டியார் எம் வரிசையில் 2-3, 2-4 என்ற இரண்டு கோள்கள் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் எல்ஆர்பிடி என்ற டிஜிட்டல் முறையில் அனுப்புகின்றன. அதே குச்சி ஆன்டெனா போதும். சாட்டம்ப் (SatDump) மென்பொருள் படத்தைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒரு புள்ளிக்கு 1 கிலோமீட்டர், நிறத்தோடு. படத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏபிடி வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் சிக்னல் கொஞ்சம் பலவீனமானால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு விழும், காதில் வெறும் இரைச்சல்தான் கேட்கும், எந்த நிலையில் இருக்கிறது என்று ஊகிக்க வழியில்லை. ஆன்டெனாவை உயரத்தில் வையுங்கள், கேபிளைக் குறுக்குங்கள், டாங்கிளுக்கு முன்னால் ஒரு வடிகட்டி போடுங்கள். ஏபிடி மன்னித்த தவறுகளை இது மன்னிக்காது.

ஏபிடி ஒலிப்பதிவுகள் யாரிடமாவது இருந்தால் அவற்றை எம்பி3 ஆக்கிச் சுருக்காதீர்கள், வாவ் கோப்பாகவே வைத்திருங்கள். காதுக்கு வித்தியாசம் தெரியாது, படத்தில் சாம்பல் நிறங்கள் கெட்டுப்போகும். கோப்பின் பெயரில் எந்தக் கோள், எந்தத் தேதி, உலக நேரப்படி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் எழுதுங்கள். அன்றைய சுற்றுப்பாதைத் தரவையும் கூடவே சேமித்தால் நல்லது. நாட்டு எல்லைக் கோடுகளைப் படத்தின்மேல் பொருத்த மென்பொருள் முதலில் கேட்பது அதைத்தான்.